சுற்றுச்சூழல் வழக்கும் பொருளாதாரக் குற்ற வழக்கும் சேர்ந்து வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை, இரசாயனத் தொழிற்சாலை போன்றவற்றை நடத்துவோரும் அவற்றில் பொறுப்பான பணியில் இருப்போரும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிவிப்பையோ நீதிமன்றத்தின் அழைப்பாணையையோ கையில் வைத்துக்கொண்டு வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. தமிழ்நாட்டின் நடைமுறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும், பெரும்பாலான சட்டங்கள் இந்தியா முழுவதற்கும் பொதுவானவை. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36-ஆம் விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடை செய்வதால், எங்கள் வெற்றிகளின் பட்டியலை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். தனிப்பட்ட வழக்குக்கான ஆலோசனையாகவும் இதைக் கொள்ள வேண்டாம்.

சுற்றுச்சூழல் சட்டத்தையும் பொருளாதாரக் குற்றத் தற்காப்பையும் ஒரே வழக்கறிஞர் ஏன் பார்க்க வேண்டும்?

இரண்டும் ஒரே கோப்பிலிருந்து பிறப்பதுதான் காரணம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அனுப்பும் காரணம் கேட்கும் அறிவிப்பைப் பெரும்பாலான ஆலைகள் ஒரு நிர்வாகக் கடிதமாகவே கருதுகின்றன. இசைவாணை (ஆலையை இயக்க வாரியம் தரும் அனுமதி) வாங்கித் தரும் ஆலோசகரிடம் அது போகிறது. அவர், "பம்பு பழுதானதால் கழிவுநீர் ஓடையில் கலந்துவிட்டது, இனி இவ்வாறு நிகழாது" என்று பணிவாக ஒரு பதிலை எழுதி, மேலாண்மை இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார். இசைவாணை புதுப்பிக்கப்படுகிறது, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பின்னர் வாரியம் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யும்போது, அந்தக் கடிதமே புகார்தாரர் தரப்பின் முதல் சான்றாவணமாக வந்து நிற்கிறது. கழிவுநீர் கலந்தது, அது ஆலைக்குத் தெரிந்தே இருந்தது, பொறுப்பாளர் இன்னார் ஆகிய மூன்றையும் ஆலையே எழுதிக் கொடுத்திருக்கும்.

ஆகவே வாரியத்துக்குப் போகும் ஒவ்வொரு பதிலையும், குற்றவியல் நீதிமன்றத்தில் அது எப்படி வாசிக்கப்படும் என்று தெரிந்த ஒருவர் பார்த்தாக வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. குற்றவியல் வழக்கு மட்டுமே தெரிந்தவர் எதற்கும் பதில் தர வேண்டாம் என்று அறிவுறுத்தினால், பதில் வராததையே காரணமாகக் காட்டி வாரியம் ஆலையை மூட ஆணையிடலாம். மௌனமும் ஒப்புதலும் இரண்டும் ஆபத்து. இவற்றுக்கு இடையில் உண்மையைப் பிசகாமல் எழுதுவதே இந்தத் துறையின் பாதி வேலை.

எந்தெந்த மீறல்களுக்குச் சிறைத் தண்டனை உண்டு?

இது கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில், 24-ஆம் பிரிவை மீறி நீர்நிலையில் மாசு கலந்தால் 43-ஆம் பிரிவின்படியும், இசைவாணை இல்லாமல் கழிவுநீர் வெளியேற்றினால் 44-ஆம் பிரிவின்படியும், ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் 6 ஆண்டுகள் வரை சிறை என்பதே நெடுங்காலமாக இருந்த நிலை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 5 ஆண்டுகள் வரை சிறை விதித்தது. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்திலும் பல மீறல்களுக்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, தீர்வு அலுவலர் விதிக்கும் 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகையை வைத்தது. அம்மாற்றங்கள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இதைக் கேட்டுப் பலர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் விதித்த தண்டத்தொகையைக் கட்டாவிட்டால் மீண்டும் சிறைக்கு இடமுண்டு என்பதை அவர்கள் வாசிப்பதில்லை.

நீர்ச் சட்டத்தின் கதை வேறு. தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால், அரசமைப்பின் 252-ஆம் கூற்றின்படி மாநிலங்கள் கேட்டுக்கொண்டு பிறந்த சட்டம் அது. 2024-ஆம் ஆண்டின் திருத்தமும் அவ்வாறே இமாச்சலப் பிரதேசம், இராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றில் முதலில் நடைமுறைக்கு வந்தது. பிற மாநிலங்களுக்கு அந்தந்தச் சட்டமன்றத்தின் தீர்மானம் வேண்டும். எனவே குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில், அந்த மாநிலத்தில், சட்டத்தின் எந்த வடிவம் உயிருடன் இருந்தது என்பதே நாங்கள் முதலில் பார்க்கும் விஷயம். ஒரே ஆலையின் இரண்டு மீறல்கள் இரண்டு வெவ்வேறு தண்டனை முறைகளின் கீழ் வருவது இன்று சாதாரணமாகிவிட்டது.

பழைய மீறல் என்பதால் தப்பிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 3 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைக்குரிய குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. உத்தரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மோகன் மீகின்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், பல ஆண்டுகள் கழிந்துவிட்டதைக் காட்டி வழக்கை முடித்துவைக்க உச்ச நீதிமன்றம் 2000-இல் மறுத்தது.

காவல் துறை கைது செய்யுமா?

மாசு மீறல் மட்டும் என்றால் வழக்கமாக இல்லை. நீர்ச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின்படி வாரியமோ அதனால் அதிகாரம் பெற்ற அலுவலரோ, அல்லது 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த தனிநபரோ எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியும். மேலும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவு, புகாரை ஏற்பதற்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது. பழைய சட்டத்தில் இல்லாத இந்த வாய்ப்பைப் பலர் வாய்தா வாங்கியே வீணாக்குகிறார்கள்.

ஆனால் உயிர்ச்சேதம் ஏற்பட்டால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து பலர் இறந்தபோது, வழக்கு நேரடியாகக் காவல் துறையிடம் போனது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் உட்படப் பலர் கைதானார்கள். போபாலில் 1984 டிசம்பரில் நடந்த பேரழிவுக்கு, 2010 ஜூன் 7 அன்று, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அன்றைய சட்டம் அனுமதித்த உச்ச அளவான 2 ஆண்டுகள்தான் தண்டனை கிடைத்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அந்த உச்ச அளவு 5 ஆண்டுகள்.

வாரிய அலுவலர் கழிவுநீர் மாதிரி எடுக்க வந்தால் என்ன செய்ய வேண்டும்?

தடுக்கக் கூடாது. அலுவலரைத் தடுப்பது தனிக் குற்றம். வாயிலில் காக்க வைத்துவிட்டு உள்ளே குழாயை மாற்றுவது அதைவிட மோசம்.

மாதிரி எடுக்கும் அந்த அரை மணி நேரம்தான் பல வழக்குகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லும் வரிசை இது: மாதிரியைப் பகுப்பாய்வு செய்யப்போவதாக அலுவலர் அங்கேயே, அப்பொழுதே எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும், ஆலைப் பொறுப்பாளர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டு கலன்களிலும் அடையாளமிட்டு, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், ஒன்று வாரியத்தின் ஆய்வகத்துக்கும், ஆலை கேட்டுக்கொண்டால் மற்றொன்று அரசு ஏற்படுத்திய ஆய்வகத்துக்கும் போக வேண்டும். இரு ஆய்வறிக்கைகளும் முரண்பட்டால், 22-ஆம் பிரிவின்படி இரண்டாவது ஆய்வகத்தின் அறிக்கையே மேலோங்கும். ஆலைக்குச் சட்டம் தந்திருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான். ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் அந்த இரண்டாவது பகுதி பிறப்பதே இல்லை. முழு மாதிரியும் வாரிய ஆய்வகத்துக்கே போய்விடும்.

ஆகவே இரவுப் பணியில் இருக்கும் மேற்பார்வையாளருக்கும் ஒரே ஒரு வரியை எழுதத் தெரிந்திருக்க வேண்டும்: "மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை 52-ஆம் பிரிவின் கீழான ஆய்வகத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்." கீழே தேதியும் நேரமும் கையெழுத்தும் வேண்டும். மாதிரி எடுக்கப்பட்ட இடம் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாயிலா, சமநிலைத் தொட்டியா, மழைநீர் வடிகாலா என்பதையும் அதே தாளில் குறித்துவிட வேண்டும். சுத்திகரிப்புக்கு முந்திய தொட்டியில் எடுத்த நீரில் பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவு சிதையத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டுவதும், டி.டி.எஸ். (கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு) 2,100-ஐத் தாண்டுவதும் வியப்பல்ல. வெளியேறும் நீரில் தாண்டினால்தான் அது வழக்கு.

இம்முறை பின்பற்றப்படாவிட்டால் அறிக்கையைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் டெல்லி பாட்லிங் கம்பெனி வழக்கில் 1980-களிலேயே கூறிவிட்டது. வாரிய வட்டாரத்தில் "லீகல் சாம்பிள்" என்று தனியாகச் சொல்வது இந்த முறைப்படி எடுத்த மாதிரியைத்தான். சாதாரண ஆய்வின்போது எடுத்த மாதிரியை வைத்து மட்டும் தண்டனை பெறுவது கடினம். எனினும் அதை வைத்து ஆலைக்கு வழிகாட்டுதல் ஆணைகள் பிறப்பிக்கத் தடையில்லை என்பதால், குற்றவியல் வாதத்தை நிர்வாக மேடையில் அப்படியே ஒப்பிப்பவர்கள் ஏமாற்றமடைகிறார்கள்.

நான் பெயரளவுக்கு இயக்குநர். என்னையும் சேர்ப்பார்களா?

புகாரில் சேர்ப்பார்கள். தண்டிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. நீர்ச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, குற்றம் நடந்த நேரத்தில் நிறுவனத்தின் நடத்தைக்குப் பொறுப்பாகவும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவும் இருந்தவரைக் குற்றவாளியாகக் கருதுகிறது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்ததாகவோ நிரூபித்தால் அவர் விடுபடலாம். மற்ற இயக்குநர்களைப் பொறுத்தவரை, அவர்களுடைய சம்மதம், உடந்தை அல்லது அலட்சியம் காரணம் என்று புகார்தாரர் காட்ட வேண்டும். உங்களை விடுவிக்கப்போவது இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்புகளே. சுத்திகரிப்பு நிலையத்தின் சவ்வுகளை மாற்றப் பணம் கேட்டு ஆலை மேலாளர் அனுப்பிய கோரிக்கையை நிராகரித்த கூட்டத்தில் உங்கள் கையெழுத்து இருந்தால், "பெயரளவு" என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நான் சுத்திகரிப்பு நிலைய இயக்குபவர். கம்பெனி வழக்கறிஞரே எனக்கும் வாதாடுவதாகச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

இந்தக் கேள்வியை இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். இரவு 2 மணிக்கு வால்வைத் திறந்தது நீங்கள். திறக்கச் சொன்னது யார் என்பதுதான் வழக்கு. "ஊழியர் எங்கள் அறிவுறுத்தலை மீறிச் செய்தார்" என்று நிறுவனம் வாதிட்டால் நிறுவனம் தப்பலாம். "மேலாளர் சொன்னதால் செய்தேன்" என்று நீங்கள் சொன்னால் நீங்கள் தப்பலாம். இவ்விரண்டையும் ஒரே வாய் சொல்ல முடியாது. தனி வழக்கறிஞர் வையுங்கள். கட்டணத்தை நிறுவனமே தருவதில் தவறில்லை. ஆனால் வழக்கறிஞரின் விசுவாசம் கட்டணம் கொடுப்பவருக்கு அல்ல, கட்சிக்காரருக்கே என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அளவீட்டுப் பதிவேட்டில் பின்தேதியிட்டு எண்களை எழுதச் சொன்னால் எழுதக் கூடாது. மாசு வழக்கில் உங்கள் பங்கு சிறியதாக இருக்கலாம். பொய்ப் பதிவேடு வழக்கில் நீங்கள்தான் முதல் குற்றவாளி.

ஆலையை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க ஆணை வந்துவிட்டது. எங்கே போவது?

நீர்ச் சட்டத்தின் 33-ஏ பிரிவின் கீழான ஆணை என்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம், அதற்கு மேல் இல்லை. தமிழ்நாட்டுக்கான தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இசைவாணை மறுப்பு என்றால் முதலில் மாநில மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போக வேண்டும். தவறான இடத்தில் தாக்கல் செய்து நாள்களை இழப்பது வருந்தத்தக்க அளவுக்குப் பொதுவானது.

தடையாணை கேட்பதற்கு முன் ஆலையைச் சரிசெய்யத் தொடங்குங்கள். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதற்குக் காரணம் ஒரு நாளின் கசிவு அல்ல. கழிவுநீரே வெளியேறாத நிலையை எட்டுவதாக நொய்யல் வழக்கில் ஆண்டுக்கணக்கில் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறாததே. நீதிபதிகள் புதிய வாக்குறுதியைவிட வாங்கிய இயந்திரத்தின் பட்டியலை நம்புகிறார்கள்.

இழப்பீடு எவ்வளவு வரை போகும்?

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் தொடர்பாக, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நம் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 2013 ஏப்ரலில் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு 100 கோடி ரூபாய் விதித்தபோது, நிறுவனத்தின் இலாபத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு என்று கணக்கிட்டது. அதன்பின் விற்றுமுதலை வைத்தே தொகை நிர்ணயிக்கும் பழக்கம் பசுமைத் தீர்ப்பாயத்தில் வளர்ந்தது. 2024-இல் பென்சோ கெம் வழக்கிலும், 2025 ஆகஸ்டில் மொராதாபாத்தின் சி.எல். குப்தா எக்ஸ்போர்ட்ஸ் வழக்கிலும், விற்றுமுதலுக்கும் விளைந்த சேதத்துக்கும் தொடர்பில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் அத்தகைய தொகைகளை நீக்கியது. சரியான திருத்தம் என்பேன்: பெரிய கணக்கு வைத்திருப்பவன் பெரிய மாசு செய்தான் என்று ஆகிவிடாது. அதே ஆகஸ்டில் மற்றொரு தீர்ப்பில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே இழப்பீடு விதிக்கலாம் என்றும், அதற்கு முன் உரிய விதிகள் வகுக்கப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே வாரியத்தின் தொகை எந்த விதியின் கீழ், எந்தச் சேதக் கணக்கின் மேல் நிற்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாசு வழக்கில் அமலாக்கத் துறை எப்படி வருகிறது?

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் அட்டவணை வழியாக. அட்டவணையில் உள்ள ஒரு குற்றத்தால் கிடைத்த வருவாய் இருந்தால்தான் அச்சட்டம் உயிர்பெறும். சுற்றுச்சூழல் சட்டங்களின் சில பிரிவுகள், குறிப்பாக நீர்ச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, 2009-ஆம் ஆண்டின் திருத்தத்தால் அதில் நுழைந்தன. சுத்திகரிக்காமல் மிச்சப்படுத்திய செலவே குற்ற வருவாய் என்பது துறையின் வாதம். ஜன் விஸ்வாஸ் சட்டம் திருத்திய சட்டங்களில் பணப் பரிமாற்றத் தடைச் சட்டமும் ஒன்று என்பதால், இங்கும் எந்த நாளின் அட்டவணை என்ற கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டு மணல் குவாரி வழக்குகளில், கனிமச் சட்டம் அட்டவணையில் இல்லை என்ற வாதமே ஒப்பந்தக்காரர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024-இல் கைகொடுத்தது. 2022-இல் விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின் கடுமையான பிரிவுகளை நிலைநிறுத்தினாலும், அட்டவணையிலுள்ள மூலக் குற்றத்தில் விடுதலையானால் பணப் பரிமாற்ற வழக்கும் நிற்காது என்று தெளிவாக்கியது. நடுவர் நீதிமன்றத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் சிறிய மாசு வழக்கை அலட்சியம் செய்ய வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

50-ஆம் பிரிவின் கீழ் அழைப்பாணை வந்தால் போகாமல் இருக்க முடியாது. அங்கே தரும் வாக்குமூலம் சாட்சியமாகும். ஆவணங்களைப் படித்துவிட்டுப் போங்கள். தெரியாததற்குத் "தெரியாது, ஆவணத்தைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பது மரியாதையான, முழுமையான பதில்.

இசைவாணையைப் புதுப்பிக்கப் பணம் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டால் என்ன?

2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் 7 நாள்களுக்குள் காவல் அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். 9-ஆம் பிரிவின்படி, ஊழியரோ இடைத்தரகரோ கொடுத்தாலும் நிறுவனம் பொறுப்பாகும். ஆலோசகரின் கட்டணச் சீட்டில் "இதரச் செலவுகள்" என்று ஒரு பெரிய தொகை இருந்து, அதைக் கணக்கர் கேள்வி கேட்காமல் அனுமதித்திருந்தால், சோதனையில் முதலில் எடுக்கப்படும் தாள் அதுவாகத்தான் இருக்கும். கேட்டவுடனேயே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தை அணுகுங்கள்.

வழக்கறிஞரிடம் சொல்வதெல்லாம் இரகசியமா?

பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்டால் அது பொருந்தாது. நிறுவனத்தின் முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் சட்ட அலுவலருக்கு 132-ஆம் பிரிவின் பாதுகாப்பு இல்லை என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே கசிவுக்கான காரணத்தைத் தேடும் உள்விசாரணையை அவர் பெயரில் நடத்துவதற்கு முன் வெளி வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆலோசகர்கள், தணிக்கையாளர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளுக்கும் இப்பாதுகாப்பு கிடையாது.

ஆற்றைக் கெடுத்தவர்களுக்காக வாதாடுவது உங்களுக்கு உறுத்தவில்லையா?

சில வழக்குகளில் உறுத்தியிருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாய நீரைப் பார்த்த எவருக்கும் உறுத்தும். வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள், குற்றம் பற்றிய தம் சொந்த எண்ணம் எதுவாயினும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட வேண்டும் என்கின்றன. ஆனால் இந்தத் துறையில் தற்காப்பு என்பது தீர்ப்போடு முடிவதில்லை. வழக்கில் வென்ற ஆலை அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் வால்வைத் திறந்தால், அடுத்த வழக்கில் எந்த வாதமும் எடுபடாது. ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தைச் சீர்செய்ய மறுக்கும் கட்சிக்காரரின் கோப்பை நாங்கள் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. பதிவேட்டை மாற்றவோ, தடயத்தை அழிக்கவோ, சாட்சியைப் பேசி வைக்கவோ கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறோம்.

நான் ஆலைக்கு அருகில் நிலம் வைத்திருக்கும் விவசாயி. நானும் இத்தகைய வழக்கறிஞரை அணுகலாமா?

அணுகலாம். அதே ஆலைக்கோ அதன் குழுமத்துக்கோ அவர் ஏற்கெனவே ஆலோசனை தந்திருக்கக் கூடாது என்பதே நிபந்தனை, அதை முதலில் கேளுங்கள். எதிர்த்தரப்பின் கோப்பு எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தவர் உங்களுக்குப் பயன்படுவார். பயிருக்கும் கிணற்றுக்கும் நேர்ந்த சேதத்துக்கான இழப்பீட்டைப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் 5 ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். இழப்பீடு அல்லாத பிற நிவாரணத்துக்கான 14-ஆம் பிரிவு மனுவுக்கு 6 மாதங்களும், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள்களும் மட்டுமே. குற்றவியல் புகார் கொடுக்க விரும்பினால் வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்பைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அந்த 60 நாள்களில் கிணற்று நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். நீர் மொள்ளும்போது கிராம நிர்வாக அலுவலரோ ஊராட்சி உறுப்பினரோ அருகில் இருந்து கையெழுத்திட்டால், நாங்கள் ஆலை தரப்பில் நின்றால் எழுப்பக்கூடிய முதல் ஆட்சேபம் உங்கள் வழக்கில் இருக்காது.